100 மீட்டரில் மேல்கீழாகச் சிதறும் .22 ரைஃபிள்: குழலை மாற்ற வேண்டுமா?

குழலை மாற்ற வேண்டாம், தோட்டாவை மாற்றுங்கள். 50 மீட்டரில் நெருக்கமாக விழுவது 100 மீட்டரில் மேலும் கீழுமாக மட்டும் நீள்கிறது என்றால், முதல் சந்தேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும் வேகத்தின் மீதுதான். காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளும்.

வினாடிக்கு 330 மீட்டர் அளவில் கிளம்பும் குண்டில் 10 மீட்டர் வித்தியாசம் வந்தால், 50 மீட்டரில் சுமார் 7 மி.மீ.தான் தெரியும். 100 மீட்டரில் அது 25 முதல் 30 மி.மீ. அளவுக்குப் போய்விடும். முதல் போட்டிக்கு வருபவர்கள் பலர் இங்கேதான் துப்பாக்கியைக் குறை சொல்கிறார்கள், பாவம்.

சோதிக்க: குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி வைத்து 20 சுடுங்கள். ஒவ்வொன்றின் வேகத்தையும் அது விழுந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகமானவை மேலேயும் மெதுவானவை கீழேயும் விழுந்திருந்தால் தோட்டாதான் காரணம். தொடர்பே இல்லையென்றால் பைபாடையும் (துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கும் இருகால் தாங்கி) பின்பையையும் (கட்டைக்கு அடியில் வைக்கும் பை) பாருங்கள். ஒவ்வொரு முறையும் தோள் அழுத்தம் மாறினாலும் இதே கோலம்தான் வரும். ஸ்கோப்பின் பாரலாக்ஸை (கண் நகர்ந்தால் குறி நகர்வதுபோல் தெரிவதைச் சரிசெய்யும் அமைப்பு) 100 மீட்டருக்குத் திருப்பினீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

போட்டித் தர சப்சானிக் (ஒலியைவிட மெதுவாகச் செல்லும்) தோட்டாவில் நாலைந்து வகை வாங்கிப் பாருங்கள். வகை மாற்றியதும் முதல் 20, 30 குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். குண்டின் மெழுகுப் பூச்சு குழலில் படிந்த பிறகுதான் உண்மையான குழு (குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது) தெரியும்.

ஒன்று கவனம்: பிடித்துப்போனது பெட்டியின் பெயரல்ல, அந்தத் தயாரிப்புத் தொகுதி (லாட்). அதே லாட் எண்ணில் போட்டிக்குப் போதுமானதை உடனே வாங்கி வையுங்கள். அடுத்த லாட் உங்கள் குழலில் வேறு மாதிரி சுடலாம்.