பதில்: மகன் பேஸ்பால் கோச் ஆகப்போகிறேன் என்கிறான், தடுக்கலாமா?

அண்ணா, தோள்பட்டைக் காயத்தால் பிட்ச்சிங்கை (பந்து வீசுவதை) விட்ட பையன், டிகிரி முடிந்ததும் கல்லூரி பேஸ்பால் கோச் ஆவேன் என்று பிடிவாதமாக நிற்கிறான் என எழுதியிருந்தீர்கள். தடுக்காதீர்கள். ஆனால் முதல் சில வருடம் கையில் காசு தங்காது, அதற்கு நீங்களும் தயாராக இருங்கள்.

முன்பு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷன் அணிகளில், விதிப்படி ஓர் உதவி கோச் சம்பளமே இல்லாமல் உழைப்பார், கோடை முகாம் வருமானத்தில்தான் பிழைப்பு. 2023 ஜூலையில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், அவருக்கும் இப்போது சம்பளம் தரலாம். முதுகலை படித்துக்கொண்டே உதவி கோச்சாக இருக்கும் வாய்ப்பையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க் கல்லூரி மைதானத்தில் ஓர் இளம் கோச்சைத் தினமும் பார்க்கிறேன். மழை விட்டதும் பிட்ச்சர் மேட்டின் தார்ப்பாயை இழுப்பது அவர்தான். பிறகு ஃபங்கோ என்ற பயிற்சி மட்டையால், பையன்கள் பிடித்துப் பழக, பந்து பந்தாகத் தட்டிக் கொடுப்பார். இருட்டினால் காருக்குள் உட்கார்ந்து பள்ளிப் பையன்களின் வீட்டுக்கு போன். பாதி வேலை ஆள் சேர்ப்பதுதான், இதைப் பையனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக் மார்ட்டினும் அங்கே முதலில் உதவி கோச்சாக இருந்தவர்தான். பிறகு தலைமை கோச்சாக 1980 முதல் 2019 வரை 40 சீசன், 2,029 வெற்றி. கல்லூரி பேஸ்பாலின் இறுதிக்கட்டப் போட்டி நடக்கும் ஒமாஹா நகருக்கு 17 முறை போயும் கோப்பை வரவில்லை. என்னைப் பொறுத்தவரை அவர்தான் பெரிய கோச்.

வேறு மாநிலம் போக அவன் தயாரா என்று கேட்டு எழுதுங்கள் அண்ணா, மேற்கொண்டு பேசலாம்.