கேம்பர் வானுக்குள் தூங்கும்போது அலாரத்தை எப்படி வைப்பது?

நிலாவெளிக் கடற்கரையோரம் வானை நிறுத்தி உள்ளே படுப்பவர்களின் தொல்லை இது: புரண்டு படுத்தாலே அலாரம் அலறுகிறது.

பல வான்களில் காவல் இரண்டு அடுக்கு. ஒன்று கதவு திறந்தால் கத்தும். மற்றது உள்ளே அசைவு தெரிந்தால் கத்தும். இந்த அசைவு உணரி பெரும்பாலும் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்புகிறது. திரும்பிவரும் ஒலி மாறினால் ஆள் நுழைந்ததாக எண்ணிக்கொள்ளும். கள்வனா, உரிமையாளரா என்பது அதற்குத் தெரியாது. கடற்காற்றில் ஜன்னல் திரை ஆடினாலே போதும்!

ஆகவே இரவில் அசைவு உணரியை மட்டும் நிறுத்துங்கள்; படலையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் நடமாடுவது போல. நிறுத்தும் முறை கையேட்டில் இருக்கும். உள்ளிருந்து திறக்க முடியாத இரட்டைப் பூட்டை மட்டும் போடவே வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேற முடியாது.

உணரியை நிறுத்தினால் அலாரமே செயலிழந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கதவுக் காவல் விழித்தேயிருக்கும். நள்ளிரவில் நீங்களே கதவைத் திறந்தாலும் அலறும்.