வாசகர் கேள்வி – பதில்: இன்ஜெக்டர் போச்சா, வயர் போச்சா?

கேள்வி: என் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் நான்கு நாளாக மிஸ்ஸிங் அடிக்கிறது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் வரை நடுக்கம். ஸ்கேனரில் பி0203 என்று வந்தது. மூன்றாவது இன்ஜெக்டர் போய்விட்டது, மாற்றினால்தான் சரியாகும் என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இன்ஜெக்டர் என்பது சிலிண்டருக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம். பி0203 என்றால் ‘மூன்றாவது இன்ஜெக்டரின் சர்க்யூட்டில் கோளாறு’ என்றுதான் பொருள். பியூஸ், ரிலே, வயர், வயரை இன்ஜெக்டரோடு இணைக்கும் கப்ளர், இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு எல்லாமே அந்தச் சர்க்யூட்டில் அடக்கம். இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டால் இந்த எண் வராது. மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியாமல் தவறும் மிஸ்ஃபயருக்கான பி0303தான் வரும். ஆகவே ‘கிளீன் பண்ணிப் பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் அந்தச் செலவும் வேண்டாம்.

சாவியைப் போட்டதும் ரிலே வழியாக நான்கு இன்ஜெக்டருக்கும் ஒரு பின்னில் 12 வோல்ட் வந்து நிற்கும். மற்றொரு பின்னை இசியு எர்த் செய்யும்போதுதான் இன்ஜெக்டர் திறக்கும். சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அது ஒவ்வொரு முறையும் 2 முதல் 4 மில்லி செகண்டுதான்.

சாவியை எடுத்துவிட்டு நான்கு கப்ளர்களையும் கழற்றி, இன்ஜெக்டரின் இரண்டு பின்களுக்கும் இடையே ஓம் பாருங்கள். இந்த வகைக் கார்களில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் காட்டும். சரியான எண் எது என்பதைவிட நான்கும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். மூன்று 13.5 காட்டி ஒன்று மட்டும் 8 காட்டினால் காயில் உள்ளுக்குள் ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. சூட்டில் 2, 3 ஓம் கூடுவது இயல்பு. சில காயில்கள் சூடானால் மட்டும் அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். எனவே வண்டி ஓடி வந்த கையோடு இன்னொரு முறையும் அளந்துவிடுங்கள்.

மீட்டர் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. வயர் எட்டினால் இரண்டாவது, மூன்றாவது கப்ளர்களை இடம் மாற்றிச் செருகி, பழைய எண்ணை அழித்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். எண் பி0202 ஆக மாறினால் இன்ஜெக்டர்தான் குற்றவாளி. பி0203 ஆகவே நின்றால் இன்ஜெக்டர் நல்லது. கோளாறு வயரிலோ கப்ளரிலோ இசியுவிலோ இருக்கிறது. பார்த்ததும் கப்ளர்களைப் பழையபடி மாற்றிவிடுங்கள்.

வயர் என்று தெரிந்தால் மீட்டர் காட்டும் 12 வோல்ட்டை அப்படியே நம்பாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். கரண்டு ஓடும்போதுதான் விழும். சப்ளை பின்னுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே 12 வோல்ட், 10 வாட் பல்பைக் கொடுங்கள். இன்ஜெக்டர் இழுப்பதும் ஏறக்குறைய அதே ஒரு ஆம்பியர்தான். பல்பு மங்கினால் சப்ளையில் கோளாறு. சில கார்களில் சாவி போட்டு 2 செகண்டுதான் அந்த ரிலே ஆனில் இருக்கும். அப்போது யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். இசியு பக்கத்துப் பின்னில் மட்டும் இந்தப் பல்பு கூடாது, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும். அதற்கென்றே கப்ளரில் செருகும் நாய்ட் லைட் என்ற சின்னச் சோதனை விளக்கு கிடைக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது அது மினுக்க வேண்டும்.

அறுவது எங்கே? கப்ளருக்குப் பின்னால் இரண்டு, மூன்று அங்குலத்தில் வயர் வளையும் இடத்தில். டேப்பைப் பிரித்தால் மேலுறை நன்றாகவே இருக்கும். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். உள்ளே செம்பு இல்லை என்று அர்த்தம். எலி கடித்திருந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும். பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, பெண் டெர்மினல் விரிந்து லூசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஊசியால் வயரைக் குத்திச் சோதிக்க விடாதீர்கள். அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கி அடுத்த மழைக்குள் அங்கேயும் பச்சை பூக்கும்.

கேள்வி: சிஎன்ஜி கிட் போட்ட பிறகு பி0201 முதல் பி0204 வரை நான்கும் ஒன்றாக வருகின்றன. நான்கு இன்ஜெக்டரும் போயிருக்குமா?
– வாசகர், கோவை

பதில்: நான்கும் ஒரே நாளில் போகாது. நான்குக்கும் பொதுவானது எது என்று தேடுங்கள். கேஸில் ஓடும்போது பெட்ரோல் இன்ஜெக்டர்களைத் துண்டித்து, இசியுவை ஏமாற்ற ஒரு போலி லோடைக் காட்டுவது எமுலேட்டர். அந்த லோடு உங்கள் இசியுவுக்கு ஒத்துவராவிட்டால் நான்கு எண்ணும் சேர்ந்தே வரும். எண்களை அழித்துவிட்டு இரண்டு நாள் பெட்ரோலில் மட்டும் ஓட்டுங்கள். வராவிட்டால் எமுலேட்டர் அல்லது அதன் செட்டிங். பெட்ரோலிலும் வந்தால் பியூஸ், ரிலே, கிட்டுக்காக வெட்டி இணைத்த ஜாயின்ட்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இன்ஜின் சூட்டுக்குத் தாங்காது. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: டீசல் காமன் ரெயில் வண்டிக்கும் இதே சோதனைகள்தானா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. பல்பு, நாய்ட் லைட் இரண்டையும் தள்ளி வையுங்கள். காயிலின் காந்தத்தால் திறக்கும் சோலனாய்டு இன்ஜெக்டரைத் திறக்க இசியு 65, 80 வோல்ட் அனுப்பும். காயிலுக்குப் பதில் படிகத்தால் இயங்கும் பியசோ வகையில் 100க்கும் மேல். ஓடும் இன்ஜினில் கப்ளரைத் தொடவே கூடாது. சோலனாய்டு காயிலின் அளவு ஒரு ஓமுக்கும் குறைவு. மீட்டர் வயரே அரை ஓம் காட்டும். முதலில் இரு முனைகளையும் சேர்த்து வைத்து அளந்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். புது இன்ஜெக்டர் போட்டால் பல வண்டிகளில் அதன் தலையில் அச்சிட்டிருக்கும் எண்ணை ஸ்கேனர் மூலம் இசியுவில் ஏற்ற வேண்டும்.

கேள்வி: பி0267 வருகிறது. பெட்ரோல் வாடை, மூன்றாவது பிளக் நனைந்திருக்கிறது. ஓட்டலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: ஓட்டாதீர்கள், ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். பி0267 என்றால் மூன்றாவது இன்ஜெக்டர் சர்க்யூட்டில் வோல்ட் குறைவு. இசியு பக்கத்து வயர் எங்கோ உரசி பாடியைத் தொட்டிருக்கலாம். சாவி போட்டிருக்கும்வரை இன்ஜெக்டர் திறந்தே கிடக்கும். பேட்டரி நெகட்டிவையும் இசியு கப்ளரையும் கழற்றி, அந்த வயருக்கும் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் வயர். தொடர்பே காட்டாவிட்டால் சந்தேகம் இசியு மேல். சரிசெய்ததும் நான்கு பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் கப்ளர்களைப் பிரித்துவிட்டு, செல்ஃப் அடித்துத் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றுங்கள். பெட்ரோல் கலந்த இன்ஜின் ஆயிலை ஃபில்டரோடு மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.