இரவு எட்டு மணிக்கு ஜிபிஎஸ் தாவினால் கோளாறு எங்கே?

கேள்வி: தேங்காப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு எங்களுடையது. மார்ச், ஏப்ரலில் இரவு எட்டு மணிவாக்கில் ஜிபிஎஸ் திரையில் படகு இங்கும் அங்கும் தாவுகிறது. சாட்டிலைட் எண்ணிக்கை குறைந்து அலாரமும் அடிக்கிறது. சூரியப் புயல் என்கிறார்கள். புதுக் கருவி வாங்க வேண்டுமா? புயலை முன்கூட்டியே அறிய வழி உண்டா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். மாதத்தையும் நேரத்தையும் பார்த்தால், வானில் உயரத்தில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கான அயனி மண்டலத்தின் மேல்தான் முதல் சந்தேகம். அதற்குப் புயலே தேவையில்லை.

பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடான புவிகாந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்குக் காரணமே அதுதான். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதியில், பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலம் மேலெழும்பி அடிப்பக்கம் நிலைகுலையும். அங்கிருந்து மின்துகள் அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகள் பல நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி, கிழக்கு நோக்கி நகரும். அவற்றின் வழியே வரும் சிக்னல் நட்சத்திரம் மினுங்குவதுபோல் ஏறி இறங்கும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், இரவு ஏழரைக்கு மேல் நள்ளிரவு வரை இது அதிகம்.

இதை உறுதிசெய்ய, கருவியில் சாட்டிலைட் பக்கத்தைத் திறந்து பகல் 2 மணிக்கும் இரவு 8 மணிக்கும் சிக்னல் அளவைக் குறித்து வையுங்கள். உயரத்தில் நிற்கும் சாட்டிலைட்டுக்குப் பகலில் 40–45 டெசிபல் இருக்கும். இரவில் ஒரு திசையிலுள்ள சில சாட்டிலைட்டுகள் மட்டும் நொடிக்கு நொடி 30-க்குக் கீழே விழுந்து எழுந்தால் அது குமிழி. பகலிலேயே எல்லாம் 35-க்குக் கீழே கிடந்தால் ஆன்டெனாவோ கேபிளோதான். இணைப்பியைக் கழற்றிப் பாருங்கள். உப்பேறிப் பச்சை படிந்திருந்தால் புதிது போட்டு, நீர் புகாத ரப்பர் டேப் சுற்றுங்கள்.

பலரும் தவறவிடும் ஒன்று எல்இடி விளக்கு. மலிவான எல்இடியின் மின்சுற்று ஜிபிஎஸ்ஸையும் விஎச்எஃப் வயர்லெஸ்ஸையும் கெடுக்கும், அதுவும் இருட்டியதும்தான் எரியத் தொடங்குகிறது! படகு நகராமல் பாதுகாப்பாக நிற்கும்போது, பக்கத்துப் படகுகளுக்குச் சொல்லிவிட்டு, தளத்து விளக்குகளை ஐந்து நிமிடம் அணையுங்கள். எல்லா சாட்டிலைட்டும் ஒன்றாக ஏறினால் குற்றவாளி விளக்குதான். அருகிலுள்ள படகுகளிலும் அதே நேரத்தில் தாவுகிறதா என்றும் கேளுங்கள்.

இரட்டை அலைவரிசைக் கருவி இதைத் தீர்க்கும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அது அயனி மண்டலத் தாமதத்தால் வரும் பிழையை நீக்கும், மினுங்கலை நீக்காது. அது கூடுதலாக எடுக்கும் 1176 மெகாஹெர்ட்ஸ் எல்5 சிக்னல், 1575-ல் வரும் வழக்கமான எல்1-ஐவிட அதிகமாகவே மினுங்கும். ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ சாட்டிலைட்டுகளையும் எடுக்கும்படி அமைப்பதே மேல்: நாலைந்து சாட்டிலைட் விழுந்தாலும் மீதி தாங்கும்.

முன்னறிவிப்புக்கு, கிளம்புமுன் அமெரிக்காவின் நோவா விண்வெளி வானிலை மையத்தின் இணையதளத்தில் இரண்டு எண்கள் பாருங்கள். எஃப்10.7 என்பது சூரியனின் ரேடியோ வீச்சு. அது 150-ஐத் தாண்டினால் மேற்சொன்ன மாதங்களில் தொல்லையை எதிர்பார்க்கலாம். அடுத்தது கேபி (Kp), பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் எண்: 5 முதல் புயல், 9 உச்சம். அங்கே உலகப் பொது நேரத்தில் (UTC) மூன்று மணிக் கட்டங்களாக இருக்கும், அதோடு ஐந்தரை மணி கூட்டுங்கள்: 12–15 என்ற கட்டம் நமக்கு மாலை 5.30 முதல் 8.30 வரை. புயல் அந்தக் கட்டத்தில் வலுத்தால் குமிழிகளைக் கிளப்பிவிடும். வேறு நேரத்தில் வந்தால் பல சமயம் அடக்கியும் விடும். ஆகவே கேபி குறைவு என்பதை மட்டும் நம்பி இரவில் அசட்டையாக இருக்காதீர்கள்.

ரேடியோ முடக்கம் என்ற செய்திக்கு விஎச்எஃப் பயன்படுத்தும் நீங்கள் கவலைப்பட வேண்டாம். அது பகலில், தொலைதூரத் தொடர்புக்கான எச்எஃப் (சிற்றலை) அலைவரிசையைத் தாக்குவது.

திரை தாவும்போது ஆட்டோபைலட்டை விடுவித்து, காம்பஸ், எக்கோ சவுண்டர், ரேடார் பார்த்து ஓட்டுங்கள். பழைய டிராக் கோட்டை மட்டும் நம்பித் துறைமுக வாயிலில் நுழைய வேண்டாம். முப்பது மீட்டர் விலகினாலே அங்கே கல் தடுப்பு. திரை நிலைக்கும்வரை ஆழமான தண்ணீரில் காத்திருங்கள்.