கார் விளக்குக்கு ஏன் வால் முளைக்கிறது?

ஐயா,
வெற்றிடக் குழாயால் படம்பிடித்த பழைய டியூப் கேமராக்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 1980களில் ஜப்பானில் எடுத்த ஹை-விஷன் (அவர்களின் உயர்துல்லிய டிவி) காட்சிகளைத் தேடிப் பார்த்தேன். படம் துல்லியம்தான், ஆனால் இரவில் கார் விளக்கு நகர்ந்தால் பின்னாலேயே ஒரு வால் இழுபடுகிறது. டிவி படத்தின் 525 வரியை 1125 ஆக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சரிசெய்யத் தெரியவில்லையா?
- ஆர்.

அன்புள்ள ஆர்.,

தெரியாமல் இல்லை. வாலை அழிக்கப் போனால் துல்லியம் போய்விடும், அதுதான் வம்பு.

லென்ஸ் வழியே வரும் ஒளி டியூபின் முகப்பிலுள்ள படலத்தில் விழுந்து மின்னூட்டமாகத் தங்கும். பின்னாலிருந்து ஓர் எலக்ட்ரான் கற்றை வரிவரியாக ஓடி அதைப் படிக்கும், படித்த கையோடு அழித்தும்விடும். கார் விளக்கு விழுந்த இடத்தில் சேரும் மின்னூட்டத்தை ஒரே ஓட்டத்தில் அழிக்கக் கற்றைக்குத் தெம்பு போதாது. மிச்சம் அடுத்த ஓட்டத்திலும் தெரியும், அதற்குள் விளக்கு நகர்ந்திருக்கும். சரி, கற்றையின் மின்னோட்டத்தைக் கூட்டலாமே என்றால், கூட்டினால் கற்றை பருத்துவிடும். பழைய டிவிக்கு அது பரவாயில்லை, 1125 வரிக்கோ ஊசிமுனை மாதிரி கற்றை வேண்டும். அதனால் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கிளம்பும்படி கற்றையை உமிழும் எலக்ட்ரான் துப்பாக்கியின் அமைப்பையே மாற்றினார்கள். வால் குட்டையானது, முழுதாகப் போகவில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி இரைச்சல், அதாவது படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் மின்குழப்பம். அமெரிக்க, ஜப்பானிய டிவியின் படச் சமிக்ஞைக்கு 4.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் போதும், ஹை-விஷன் கேமராவுக்குச் சுமார் 30 வேண்டியிருந்தது. டியூபிலிருந்து வருவதோ ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம், அதைப் பெருக்கும்போது அதிர்வெண் ஏற ஏற இரைச்சலும் ஏறும், நுணுக்கமான விவரங்கள் இருப்பதும் அந்த உச்சியில்தான். அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டியூப்களின் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்த வேண்டும். கேமரா சூடேறி ஒன்று அரை வரி விலகினாலும் முகத்தின் ஓரத்தில் நிறம் பிசிறும்.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் கென்கிச்சி தனியோகா 1985இல் கண்ட ‘ஹார்ப்’ என்ற டியூப் முறையில் படலத்துக்குள்ளேயே மின்னூட்டம் பெருகும். மங்கிய வெளிச்சத்துக்கு அந்நாளில் அதற்கு நிகரில்லை என்பேன். ஆனால் 1990களில் 20 லட்சம் பிக்சல் சிசிடி (டியூபுக்குப் பதிலாக ஒளியை உணரும் சிப்) வந்ததும் டியூப்களுக்கு வேலை குறைந்துவிட்டது. சிசிடி மட்டும் யோக்கியமா என்ன, பழைய சிசிடி காட்சிகளில் அதே கார் விளக்கைப் பாருங்கள், மேலும் கீழுமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும்.