போட்டியை நடத்தும் நாட்டுக்குப் பதக்கம் கூடுவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்கு 22 தங்கம். 2010 டெல்லியில் 38. சொந்த மண்ணின் பலம்தானே?

பதில்: முதலில் ஆட்டப் பட்டியலைப் பாருங்கள். டெல்லியில் துப்பாக்கிச் சுடுதல் 14, மல்யுத்தம் 10, வில்வித்தை 3, குத்துச்சண்டை 3, பளுதூக்குதல், தடகளம், பாட்மின்டன் தலா 2, டென்னிஸ், டேபிள் டென்னிஸ் தலா 1. இவற்றில் மல்யுத்தம், வில்வித்தை, டென்னிஸ் மூன்றும் மெல்போர்னில் இல்லவே இல்லை. அந்த 14 தங்கத்தைக் கழித்தால் மிச்சம் 24. கூடியது இரண்டே இரண்டு. துப்பாக்கிச் சுடுதலில் 16-லிருந்து 14-க்கு இறங்கியிருக்கிறோம்.

உண்மையில் ஏறியவை குத்துச்சண்டை, தடகளம், பாட்மின்டன். கிருஷ்ணா பூனியாவின் வட்டு எறிதல், பெண்கள் 4 × 400 மீட்டர் தொடர் ஓட்டம், கடைசி நாளில் சாய்னா வென்று இங்கிலாந்தின் 37-ஐத் தாண்ட வைத்த தங்கம்: கொண்டாட வேண்டியவை இவைதான். 2014 கிளாஸ்கோவில் வில்வித்தை, டென்னிஸ், கிரேக்க-ரோமன் மல்யுத்தம் (இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாத வகை) எல்லாம் போயின. நமது தங்கம் 15-ஆகக் குறைந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: இந்தக் கணக்கை நாமே போடுவது எப்படி?

பதில்: இரண்டு போட்டிகளின் பிரிவுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் இருக்கும் பிரிவுகளை மட்டும் எண்ணுங்கள். விளையாட்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் எடைப் பிரிவும் இரட்டையர் பிரிவும் மாறியிருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். ஊக்கமருந்து வழக்குகளால் பதக்கங்கள் பிற்பாடு கைமாறும் என்பதால், எந்தத் தேதியின் பட்டியல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரசிகர்களின் ஆரவாரம் எவ்வளவு உதவும்?

பதில்: 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கொரோனாவால் அரங்குகள் பெரும்பாலும் காலி. ஆனாலும் ஜப்பானுக்கு 27 தங்கம், அதற்கு முந்தைய ரியோ ஒலிம்பிக்கில் 12. புதிதாகச் சேர்த்த பேஸ்பால், சாஃப்ட்பால், கராத்தே, ஸ்கேட்போர்டிங் தந்த 6-ஐக் கழித்தாலும் 21. பல ஆண்டு முன்பே கொட்டிய பணம், நடத்தும் நாட்டுக்குத் தகுதிச் சுற்று இல்லாமலே கிடைக்கும் இடங்கள், பழகிய களம் ஆகியவற்றுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. நடுவர் புள்ளி போடும் ஆட்டங்களில் மட்டும் கூட்டத்தின் சத்தத்தைத் தனியாகக் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: சிலாட் இந்தோனேசியாவின் பாரம்பரியத் தற்காப்புக் கலை. 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் சேர்த்ததில் என்ன தவறு? கபடியில் நாம் வென்றதையும் கழிப்பீர்களா?

பதில்: தவறு என்று சொல்லவில்லை. சிலாட்டில் 16 தங்கம். இந்தோனேசியாவுக்கு 14, வியட்நாமுக்கு 2. இந்தோனேசியாவின் மொத்தத் தங்கம் 2014 ஆசியப் போட்டியில் 4, ஜகார்த்தாவில் 31, சிலாட் இல்லாத அடுத்த ஹாங்சோ போட்டியில் 7. இதைக் கழிக்காமல் எப்படி ஒப்பிடுவது? கபடி 1982 டெல்லியில் வெறும் காட்சி ஆட்டம். பதக்க ஆட்டமானது 1990-இல், சீனா நடத்தியபோது. 2018-இல் இரண்டு தங்கமும் ஈரானுக்கே போயின.

கேள்வி (அவரே): ஜூடோவை 1964-இல் டோக்கியோதானே ஒலிம்பிக்குக்குக் கொண்டுவந்தது? அதை யாரும் குறை சொல்வதில்லையே!

பதில்: சரியான இடத்தைப் பிடித்தீர்கள். அன்றே நான்கில் ஒரு தங்கத்தை, அதுவும் எடை வரம்பில்லாத பிரிவில், நெதர்லாந்தின் ஆன்டன் ஹீசிங்க் தட்டிப் பறித்தார். 1968-இல் விடுபட்ட ஜூடோ 1972-இல் திரும்பி வந்து உலகெங்கும் வேரூன்றியது. சிலாட்டுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1964-க்குக் கணக்குப் போட்டால் ஜப்பானின் 3 ஜூடோ தங்கத்தையும் கழிக்கத்தான் வேண்டும்.

கேள்வி: நடத்திய நாடு தங்கமே வாங்காமல் போனதுண்டா?

பதில்: கனடா. 1976 மான்ட்ரியலில் 5 வெள்ளி, 6 வெண்கலம். 1988 கால்கரி குளிர்காலப் போட்டியிலும் தங்கம் இல்லை.

கேள்வி: நம் ஊர்க் கூட்டம் கத்தினால் எதிரணி தடுமாறாதா?

பதில்: மேலே டோக்கியோ பதிலைப் படியுங்கள். 2010 டெல்லி ஹாக்கி இறுதியில் நம் கூட்டத்தின் முன்னால்தான் ஆஸ்திரேலியாவிடம் 0–8 என்று தோற்றோம்.

கேள்வி: அரங்கம் கட்டிய செலவு திரும்பி வருமா?

பதில்: என் துறை இல்லை. பொருளாதாரம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: 2030 அகமதாபாத் காமன்வெல்த் போட்டியில் எத்தனை தங்கம் வரும்?

பதில்: மறுபடியும் சொல்கிறேன்: பட்டியல் வரட்டும். 2026 கிளாஸ்கோவோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். அங்கே 10 விளையாட்டுகள்தான், மல்யுத்தமும் பாட்மின்டனும் துப்பாக்கிச் சுடுதலும் இல்லை. 2018 கோல்ட் கோஸ்டின் 26 தங்கத்தில் துப்பாக்கிச் சுடுதல் 7. அது இல்லாத 2022 பர்மிங்காமில் 22. இந்த இரண்டையும் வைத்து எண்ணத் தொடங்குங்கள்.