மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இமாச்சலத்தின் மணாலியிலிருந்து ரோத்தாங் வழியாக லடாக்கின் லே சுமார் 475 கிலோமீட்டர். வழியில் ஐந்து கணவாய்கள் ('லா' என்றாலே கணவாய்): ரோத்தாங் (3,978 மீட்டர்), பாராலாச்சா லா (4,890), நகீ லா (4,739), லாச்சுலுங் லா (5,065), டாக்லாங் லா (5,328). ரோத்தாங் தாண்டினாலே மழை மறைவுப் பகுதி. பாராலாச்சாவைத் தாண்டி வரும் சர்ச்சுவுக்கு அப்பால் முழுக்கக் குளிர்ப் பாலைவனம். இந்தச் சாலையில் போகக் கிளம்பும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, அடிக்கடி கொல்லிமலை ஏறுகிறேன். ஏழு நாளில் லே போய்விடலாமா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவருக்கு இங்கே ஏற்றம் பெரிய விஷயமில்லை, தம்பி. ராணுவ லாரிகள் போக வேண்டிய சாலை இது, சரிவு பெரும்பாலும் மிதமாகத்தான் இருக்கும். பலரும் பயப்படுகிற காட்டா லூப்ஸ்கூட 21 வளைவுகளில் சுமார் 450 மீட்டர்தான் ஏறுகிறது.

ஆனால் 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காலில் வலு இருப்பவர்தான் இங்கே அதிகம் மாட்டிக்கொள்கிறார். மிதிக்க முடிகிறதே என்று ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறிப் படுத்துவிடுவார், ராத்திரியில் தலைவலி பிடித்துக்கொள்ளும். பத்து நாளுக்குக் குறைத்துத் திட்டம் போடாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்று பார்க்காமல், இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்று பாருங்கள்.

அப்படியானால் எங்கெங்கே தங்குவது?

3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு. மணாலியில் இரண்டு இரவு, பிறகு மர்ஹி, சிஸ்ஸு, கேலாங், ஜிஸ்பா. ஜிஸ்பா 3,200 மீட்டர், அங்கே ஒரு நாள் சும்மா இருங்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நிறையப் பேர் ஜிஸ்பாவிலிருந்து ஒரே மூச்சில் பாராலாச்சா ஏறி, சர்ச்சுவில் (சுமார் 4,290 மீட்டர்) இறங்கிப் படுக்கிறார்கள். சர்ச்சுவின் இருப்பைக் கவனியுங்கள். திரும்பினால் பாராலாச்சா ஏற வேண்டும். முன்னால் போனால் நகீ லா, லாச்சுலுங் லா. உடம்புக்கு முடியாமல் போனால் இறங்கித் தப்பிக்க வழியே இல்லை, எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறியாக வேண்டும். அதனால் பட்சேவில் ஓர் இரவு, ஜிங்ஜிங்பாரில் ஓர் இரவு தங்கிவிட்டுத்தான் பாராலாச்சாவைத் தாண்டுங்கள். ஜிங்ஜிங்பாரில் தலைவலியோடு எழுந்தால், கணவாயைத் தாண்டாதீர்கள். அங்கிருந்து கேலாங்குக்கு இறக்கம்தான். இந்தப் பதில் முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வையுங்கள்.

களைப்பா, உயர நோயா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தலைவலியோடு குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, தூக்கமின்மை சேர்ந்தால் உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறக் கூடாது. நேர்கோட்டில் குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டவைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் நிற்காமல் வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது, கிடைக்கிற வண்டியில் உடனே இறக்க வேண்டும். லாச்சுலுங் லாவுக்கு அப்பால் பாங் என்ற இடத்தில் ராணுவ முகாம் இருக்கிறது, அந்தப் பக்கம் ஆபத்து என்றால் அங்கே போய் உதவி கேளுங்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் அவரிடம் சொல்ல வேண்டும்.

சாலையின் குறுக்கே ஓடும் நாலாக்களை (பனி உருகி வரும் ஓடைகளை) கடப்பது எப்படி?

காலையில் கடப்பதுதான் வழி. இரவுக் குளிரில் பனி உறைந்து நிற்கும், வெயில் ஏற ஏற உருகி வரும். விடிகாலையில் கணுக்கால் நனைக்கும் ஓடை, பிற்பகல் மூன்று மணிக்கு முழங்காலுக்கு வந்து கற்களையும் உருட்டிக்கொண்டு ஓடும். முதலில் பைகளைக் கழற்றி அக்கரை சேருங்கள், அப்புறம் சைக்கிள். சைக்கிள் எப்போதும் உங்களுக்குக் கீழ்நீர்ப் பக்கம் இருக்கட்டும், மேல்நீர்ப் பக்கம் இருந்தால் தண்ணீர் அதைத் தள்ளி உங்கள் மேலேயே சாய்த்துவிடும். வெறுங்காலோடு இறங்காதீர்கள், அந்தக் குளிரில் கால் மரத்துப்போய் எந்தக் கல்லில் மிதிக்கிறோம் என்றே தெரியாது.

பாங்குக்கு அப்பால் வரும் மோரே சமவெளி தட்டைதானே, அங்கே வேகமாகப் போகலாமா?

தட்டைதான், ஆனால் 4,600 மீட்டருக்கு மேலே இருக்கிற தட்டை. நாற்பது கிலோமீட்டர் வரை ஒதுங்க மரமோ பாறை நிழலோ கிடையாது. பிற்பகலில் எதிர்காற்று கிளம்பினால் சமதரையிலேயே மலையேறும் கியரில் மிதிக்க வேண்டிவரும். விடியும்போது பாங்கை விட்டுக் கிளம்பினால் மதியத்துக்குள் தெப்ரிங் பக்கம் போய்ச் சேரலாம். குறைந்தது நான்கு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். உதட்டுக்கும் மூக்குக்கும் சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

சைக்கிள் எப்படி இருக்க வேண்டும்?

சாதாரண ஸ்டீல் எம்டிபி (மலைச் சைக்கிள்) போதும். முன்னால் சின்னச் சங்கிலிச் சக்கரம், பின்னால் 34 அல்லது 36 பல் கேசட் (பல்சக்கர அடுக்கு), இரண்டு அங்குல டயர். விலையுயர்ந்த ஃப்ரேமுக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தை நல்ல ஸ்லீப்பிங் பேக்கில் போடுங்கள். வெளிக்காற்றழுத்தம் குறைவதால் மேலே போகப் போக டயர் கொஞ்சம் இறுகும், சிறிது காற்றை இறக்கினால் கல் சாலையில் பிடிப்பும் கூடும்.

சாப்பாடு?

பருவத்தில் டாபா கூடாரங்கள் இருக்கும்: மேகி, ராஜ்மா சாதம், ஆம்லெட். பசிக்காவிட்டாலும் சாப்பிடுங்கள், உயரத்தில் பசி சொல்லாமலே போய்விடும்.

அடல் சுரங்கம் வந்த பிறகும் ரோத்தாங் ஏற வேண்டுமா?

2020இல் திறந்த அந்த 9.02 கிலோமீட்டர் சுரங்கம் வண்டிக்காரர்களுக்குச் சுமார் 46 கிலோமீட்டர் மிச்சம் செய்கிறது. சைக்கிளில் போகிறவர் ரோத்தாங்கை விடக் கூடாது என்பது என் கருத்து. கிட்டத்தட்ட 4,000 மீட்டரைத் தொட்டுவிட்டு 3,100க்கு இறங்கித் தூங்குவது உடம்புக்குக் கிடைக்கும் முதல் நல்ல பயிற்சி. லாரிகள் பெரும்பாலும் சுரங்கத்துக்குள் போய்விடுவதால் மேலே இப்போது நெரிசலும் குறைவு.

போன்?

போஸ்ட்பெய்ட் சிம். வெளிமாநில ப்ரீபெய்ட் லடாக்கில் வேலை செய்யாது. அதுவும் கேலாங் தாண்டினால் நெடுந்தூரம் சிக்னலை நம்ப வேண்டாம், வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

டாக்லாங் லா தாண்டினால் பிறகு இறக்கம்தானே?

ரும்ட்சே, கியா வழியாக உப்ஷி வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கம், அங்கே சிந்து நதி வந்து சேரும். உச்சியில் புகைப்படம் எடுத்த கையோடு உருட்டிவிடாதீர்கள். கையுறை, காற்றுத் தடுப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு பிரேக் கட்டைகளின் தேய்மானத்தைப் பாருங்கள், தேய்ந்திருந்தால் அங்கேயே மாற்றுங்கள். உப்ஷியிலிருந்து லே இன்னும் ஐம்பது கிலோமீட்டர், கடைசியில் ஒரு நீண்ட ஏற்றமும் உண்டு. அன்றே முடித்தாக வேண்டும் என்று இல்லை, உப்ஷியில் தங்கிவிட்டுக் காலையில் போகலாம்.